படத்தில் இல்லாத அறை

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு உடம்பு. ஒன்று தெருவில் நிற்கிறது. கண்ணாடிச் சுவர், சுழல்கதவு, எப்போதும் யாராவது ஒருவர் போன் பேசிக்கொண்டு குறுக்கே நிற்கும் வாசற்படி. இன்னொன்று தரைக்குக் கீழே, வண்டிகள் நிறுத்தும் தளத்தை ஒட்டிய ஜன்னலில்லாத அறையில், ஒரு கணினித் திரைக்குள் நிற்கிறது. முதல் உடம்பைக் கட்டியவர்கள் கட்டி முடித்த கையோடு போய்விட்டார்கள். இரண்டாவதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள்.

காவலாளிகள் அவளுக்கு வைத்த பெயர் ‘மாடல் மேடம்’. புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு யாரையோ எதிர்பார்த்துக்கொண்டு வருவார்கள். தட்டைச் செருப்பும் தடித்த கண்ணாடியும் தோளில் டேப்லெட் பையுமாக, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் நிமிர்ந்து “என்ன வேணும்?” என்பாள். வந்தவரின் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்கென்றே ஒரு காவலாளி கூடவே வருவது வழக்கம்.

வேலையைச் சொல்வது சுலபம். கட்டடத்தின் சுவர், குழாய், கம்பி, கதவு, விளக்கு எல்லாம் அந்தத் திரைக்குள் இருக்கின்றன. அதற்குத்தான் ‘மாடல்’ என்று பெயர். வெறும் படமாக இல்லை. ஒரு பம்பைத் தொட்டால் அது எப்போது மாட்டியது, கடைசியாக யார் பழுது பார்த்தார்கள், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று தன் ஜாதகத்தையே ஒப்பிக்கும். பதினான்காவது மாடியில் மேஜை மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று போன் வந்தால், அவள் அந்த மாடியைத் திரையில் தனியே வெட்டி எடுப்பாள், கூரைப் பலகையை நீக்குவாள், உள்ளே ஓடும் குழாயைப் பிடித்துக்கொண்டே போவாள். “வராந்தாவுல மூணாவது விளக்குக்கு மேல ஒரு வால்வு இருக்கு, அதை மூடுங்க” என்பாள். பிளம்பர் ஏணியோடு போய்ச் சேரும்போது வால்வின் படம் அவர் போனுக்கு வந்திருக்கும். முன்பெல்லாம் ஒரு சொட்டைக் கண்டுபிடிக்க வராந்தா முழுக்கக் கூரையைக் கழற்றிப் போடுவார்களாம்.

கஷ்டம் வேறு இடத்தில். தெருவில் நிற்கும் உடம்பு சும்மா இருக்காது. வாடகைக்கு வந்த அலுவலகம் ஒரு தடுப்பை எடுத்துவிடும். எலக்ட்ரீஷியன் அவசரத்துக்கு ஒரு கம்பியை வேறு வழியாக இழுப்பார், யாரிடமும் சொல்லமாட்டார். திரையில் இருப்பதும் தெருவில் இருப்பதும், சொத்துத் தகராறு வந்த அண்ணன் தம்பி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் விலகிப்போகும். இருவரையும் மறுபடி ஒரே பந்தியில் உட்காரவைப்பதுதான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. அதற்காக டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக நடப்பாள். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் திரையில் ‘சரி’ போடுவாள்.

தொட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒரு கழிவறைக் கதவால் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடும் பிரிவில் இருந்தாள். அவள் வரைந்த கதவு ஒன்று, கட்டிய பிறகு திறந்து பார்த்தால், பாதியிலேயே வாஷ்பேசினில் இடித்தது. ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். கொஞ்சம் பருமனான மேலாளர் ஒருவர் உள்ளே போய் மாட்டிக்கொண்டார் என்று அங்கே இன்னமும் கதை ஓடுகிறது. இடித்ததை அவள் ஒத்துக்கொள்வாள். மேலாளர் மாட்டியதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

பிறகு கல்யாணம், குழந்தைகள், வேலையில்லாத சில வருடங்கள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மாடிப் பகுதியில் கணவரின் அக்கா குடியிருக்கிறார். மகன் வெளியூரில் வேலைக்குப் போன பிறகு அவர் தனியாக இருக்கிறார், ஆனால் அடுப்பு ஒன்றுதான். நாத்தனார் அந்தக் கட்டடத்தில் துப்புரவுப் பெண்களுக்குச் சூப்பர்வைசர். இந்த வேலை காலியாக இருப்பதைக் கேள்விப்பட்டு வந்து சொன்னதே அவர்தான்.

“கீழ ஒரு ரூம்ல கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு கட்டடத்தைச் சுத்திச் சுத்திப் பார்க்கிற வேலையாம். உனக்குத்தான் சும்மாவே எல்லாத்தையும் நோண்டிப் பார்க்கிற புத்தி ஆச்சே. போய்க் கேளு.”

போய்க் கேட்டாள். கிடைத்தது. அன்று முதல் ‘நான் சொல்லி வாங்கிக் குடுத்த வேலை’ என்பது வீட்டில் உப்பு மாதிரி எல்லாப் பேச்சிலும் கொஞ்சம் விழும்.

ஒருநாள் ஒன்பதாவது மாடி அலுவலகத்திலிருந்து ஒரு புகார் வந்தது. மத்தியான நேரத்தில் சுவர் வழியாகச் சாப்பாட்டு வாசனை வருகிறதாம். எழுதியவர் ‘சுவர் வழியாக’ என்பதை அடிக்கோடிட்டிருந்தார்.

அவள் திரையில் அந்தச் சுவரைத் திருப்பிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஷாஃப்ட் இருந்தது. கீழிருந்து மேல்வரை குழாய்கள் ஏறுவதற்காக விட்ட செங்குத்துப் பொந்து. அதற்குள் நின்று யாரும் சாப்பாடு சூடாக்க முடியாது. நின்றால் நேரே அடித்தளத்தில்தான் போய் விழுவார்கள். மூக்கை நம்பி மேலே போனாள்.

லிஃப்டைத் தாண்டி வராந்தா திரும்பும் இடத்தில் எண்ணில்லாத ஒரு கதவு இருந்தது. நூறு தடவை கடந்து போயிருக்கிறாள். ஷாஃப்டைப் பரிசோதிக்கும் கதவு என்றுதான் நினைத்திருந்தாள். தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. திறந்தாள்.

பொந்து இல்லை, தரை இருந்தது. தரை மேல் அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டு நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் வரிசையாக ஆணி, ஆணிகளில் மாற்றுத்துணி. ஒரு கைக்கண்ணாடி. எங்கிருந்தோ இழுத்து வந்த ஒயரில் ஒரு மின் கெட்டில், அதன் மேல் சாப்பாட்டு டப்பா சூடாகிக்கொண்டிருந்தது. நடுவே, காலைத் தூக்கி ஒரு கவிழ்த்த வாளி மேல் வைத்துக்கொண்டு, நாத்தனார்.

“வந்துட்டியா. இத்தனை நாள் ஆச்சே கண்டுபிடிக்க” என்றார் நாத்தனார். “உள்ள வந்து கதவைச் சாத்து. வாசனை போயிடும்.”

“வாசனை போனதாலதான் அண்ணி நான் வந்திருக்கேன்.”

“நான் அப்பவே சொன்னேன், டப்பாவைத் திறந்து வைக்காதீங்கன்னு” என்று ஆரம்பித்தார் மூலையிலிருந்த ஒரு பெண். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத காரணத்தால் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். “யார் கேக்குறா? நான் ஒருத்தி கத்துறது எனக்கே கேக்க மாட்டேங்குது.”

“உனக்கு மட்டும்தான் கேக்கலை” என்றார் நாத்தனார்.

கதையைக் கேட்டாள். துப்புரவுப் பெண்கள் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். அலுவலகங்கள் திறக்குமுன் ஒரு சுற்று, அவை மூடிய பிறகு இன்னொரு சுற்று. நடுவில் பகல் முழுக்க இடைவெளி. வீடு போய்த் திரும்ப பஸ்ஸிலேயே பாதி நேரம் போய்விடும். கட்டடத்தில் அவர்கள் உட்காரவென்று ஓர் இடம் கிடையாது. முன்பு மாடிப்படியில் படுத்திருந்தார்கள், துரத்தினார்கள். வண்டிகள் நிறுத்துமிடத்தில் படுத்தார்கள், புகை மூச்சை அடைத்தது. ஒருநாள் நாத்தனார் துடைப்பம் வைக்க இடம் தேடி இந்தக் கதவைத் திறந்தார்.

பொந்து எப்படி அறையானது என்பது அவளுக்குப் பார்த்த உடனே புரிந்தது. கட்டும்போது குழாய்களை வேறு பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்த மாடியில் பொந்துக்குத் தளம் போட்டு மூடியிருக்கிறார்கள். படத்தை மாற்ற யாருக்கும் நேரமில்லை. மாடலைப் பொறுப்பேற்கும்போது எல்லாவற்றையும் சரிபார்த்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். மாடலில் இருப்பதெல்லாம் கட்டடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கட்டடத்தில் இருப்பதெல்லாம் மாடலில் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டேப்லெட்டை எடுத்து அறையைப் படம் பிடிக்கப் போனாள். நாத்தனார் வாளியிலிருந்து காலை இறக்கினார்.

“அதை உள்ள வை.”

“அளந்துக்கிறேன் அண்ணி, அவ்வளவுதான்.”

“அளப்பே. அப்புறம் உன் டப்பாக்குள்ள போடுவே. போட்டா மறுநாளே ஒருத்தன் வந்து இது எங்க இடம்னு நிப்பான். இந்த ரூம் யார் கண்ணுலயும் படாததாலதான் எங்க கையில இருக்கு. புரியுதா?”

புரிந்தது. கூரையையும் பார்த்தாள். புகை வந்தால் கத்தும் கருவி இல்லை. காற்றுக்கு வழியில்லை. கெட்டிலின் ஒயர் துணிகளுக்கு அடியில் ஓடியது. அதையும் சொன்னாள். “ஒயரை மாத்திக்கிறோம்” என்றார் நாத்தனார். ஒயரை மாற்றினார்கள். அவள் கீழே வந்து, வாசனைப் புகாருக்கு ‘பார்வையிடப்பட்டது’ என்று பதில் எழுதினாள். பொய் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க நாக்கில் ஏதோ ஒட்டியது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பதாவது மாடியைத் திரையில் திறக்கும்போதெல்லாம் கண் நேரே அந்தப் பொந்துக்குப் போகும். குழாய்களே இல்லாத இடத்தில் குழாய்கள் பளபளவென்று நிற்கும். ஒரு கதவுப் பிடியின் நிறம் தப்பாக இருந்தால்கூடத் தூக்கம் வராதவள் அதைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டாள்.

வீட்டில் ஒருமுறை பேச்சை எடுத்தாள். சாப்பாட்டு நேரம். நாத்தனார் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார். “நான் சொல்லி வாங்கிக் குடுத்த வேலை. அதை வச்சே எனக்குக் குழி வெட்டாதே.”

“குழிக்குள்ளதானே அண்ணி இருக்கீங்க. அதைத்தான் சொல்றேன்.”

கணவர் இருவரையும் பார்த்தார். “நாளெல்லாம் வேன்ல அம்பது பிள்ளைங்க கத்துது. அது தேவலை” என்று தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கட்டடத்தின் மேலாளர் முன்பு கப்பலில் பொறியாளராக இருந்தவர். அடித்தளத்தை ‘இன்ஜின் ரூம்’ என்பார், மொட்டைமாடியை ‘டெக்’ என்பார். அதனால் எல்லாருக்கும் அவர் கேப்டன். மாடலை அவரைப் போல நேசித்தவர்கள் குறைவு. கப்பலில் இருந்தபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் தன் தலையில் இத்தனை நரை விழுந்திருக்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தீ விபத்துப் பயிற்சியையும் மாடலோடு கோர்த்துவிடலாம் என்பது அவர் யோசனை. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் கையில் ஒரு டேப்லெட், அதில் அந்த மாடியின் அறைகள் சிவப்பாக இருக்கும். ஆள் இல்லை என்று பார்த்துத் தொட்டால் பச்சையாகும். கீழே வெளியில் வைத்த பெரிய திரையில் கட்டடம் முழுக்கப் பச்சையானால் எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். எப்போது மணி அடிக்கும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட. “சொல்லிட்டு அடிச்சா அது மணி இல்லம்மா, அழைப்பிதழ்” என்றார்.

அடித்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாருக்கும் கண் சொக்கும் வேளை. படிக்கட்டு வழியே ஜனம் கொட்டியது. சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் எரிச்சலோடு, ஒருவர் பாதி குடித்த காப்பியோடு. கீழே கூட்டம் நிரம்பியது. பெரிய திரையில் கட்டடம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாடி மாடியாக மாறிக்கொண்டு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைசிச் சிவப்பும் அணைந்தபோது கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள்.

அவள் தட்டவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து துப்புரவுப் பெண்களின் நீலச் சீருடையைத் தேடிக்கொண்டிருந்தாள். துப்புரவு ஒப்பந்தக்காரரின் ஆளைப் பிடித்துக் கேட்டாள். “எங்க ஆளுங்க யாரும் இப்ப டூட்டியில இல்லீங்களே” என்றார் அவர். உண்மைதான். இரண்டு சுற்றுக்கு நடுவில் இருப்பவர்கள் கணக்குப்படி கட்டடத்திலேயே இல்லை. அறை மாடலில் இல்லை, ஆட்கள் வருகைப் பதிவில் இல்லை.

கேப்டன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

இப்போது வாயைத் திறந்தால் அறை போய்விடும். திறக்காவிட்டாலும் இன்றைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இது வெறும் பயிற்சி. நெருப்பு இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மனதுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள். நிஜமாகவே நெருப்பு வந்தாலும் அந்தத் திரை இதே மாதிரித்தான் பச்சையாக நிற்கும். இவர்களும் இதே மாதிரித்தான் கை தட்டுவார்கள்.

“சார், ஒன்பதாவது மாடியில ஒரு ரூம் பாக்கி.”

கேப்டன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எல்லாம் பச்சையா இருக்கேம்மா.”

“அது படத்துல இல்ல சார்.”

பதிலுக்குக் காத்திருக்காமல் படிக்கட்டை நோக்கி நடந்தாள். லிஃப்ட்களை நிறுத்தியிருந்தார்கள். ஆறாவது மாடியில் மூச்சு முட்டியது. ஏழில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒன்பதில் எண்ணில்லாத கதவைத் திறந்தபோது, வராந்தாவில் காதைக் கிழித்துக்கொண்டிருந்த சத்தம் உள்ளே எங்கோ தெருவில் போகிற வண்டியின் சத்தம் மாதிரிதான் கேட்டது. தீ தாங்குவதற்கென்று கட்டிய தடித்த சுவர்கள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ தூக்கத்திலும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூங்கும்போது அவர் முகம் இவ்வளவு களைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை.

தோளைத் தொட்டாள். நாத்தனார் கண் திறந்தார். “ஷிப்ட் வந்துடுச்சா?”

“மணி அடிச்சு எல்லாரும் கீழ போயாச்சு அண்ணி. உங்களைத் தவிர.”

நாத்தனார் எழுந்து உட்கார்ந்து கேட்டார். சத்தத்தை இல்லை, அவளை. “நீ மட்டும்தானே வந்தே?”

அதற்குள் படிக்கட்டில் கேப்டனின் கால் சத்தம் கேட்டது.

கேப்டன் கதவில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். ஆணிகளையும் துணிகளையும் அட்டைகளையும் பார்த்தார். பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கேப்டன் திட்டவில்லை. “நாளைக்கு மத்தியானம் நான் பயிற்சி அறிக்கையில கையெழுத்துப் போடணும்” என்றார் அவளிடம். “படத்துல இல்லாத ரூம்ல ஆள் இருக்கக்கூடாது. ஒண்ணு ரூமைப் படத்துல ஏத்து. இல்லன்னா பூட்டு. இப்போதைக்குப் பூட்டிடுங்க.” போகும்போது திரும்பி, “பக்கத்து ஆபீஸ்காரங்க ஸ்டோர் ரூம் கேட்டு என் உயிரை எடுக்கிறாங்க. தெரிஞ்சா விடமாட்டாங்க” என்றார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நாத்தனார் பக்கத்தில் நிற்கவில்லை. வீட்டில் தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். படியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ எங்களைக் காப்பாத்தினியா, காட்டிக்குடுத்தியா?”

இரண்டும் ஒரே படிக்கட்டில் நடந்திருந்தது.

மறுநாள் காலை அவள் அறையை அளக்க மேலே ஏறியபோது, முதல் சுற்று முடித்த பெண்கள் மாடிப்படித் திருப்பத்தில் பழையபடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடந்து போக வழிவிட்டு ஒதுங்கினார்கள். ரேடியோ மட்டும், “ஏறுங்க மேடம், ஏறுங்க. இது உங்க படத்துல இருக்கிற படிதானே” என்றார்.

கீழே போய் உட்கார்ந்து பொந்தை அழித்தாள். குழாய்கள் மறைந்தன. தளம் போட்டாள், நாலு சுவர், ஒரு கதவு. கதவுக்கு எண் கொடுத்தாள். அடுத்து ‘பயன்பாடு’ என்று ஒரு கட்டம் வந்தது. அங்கேதான் கை நின்றது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அறை பொதுக் கணக்குக்குப் போகும். பொதுக் கணக்கில் இருப்பதை வாடகைப் பிரிவு பார்க்கும். வாரம் முடிவதற்குள் அங்கே பக்கத்து அலுவலகத்தின் பழைய நாற்காலிகள் அடுக்கியிருக்கும். கட்டத்தைத் தொட்டால் பட்டியல் விரிந்தது. அலுவலகம், கூட்ட அறை, கிடங்கு, பம்பு அறை, மின் அறை, ஜெனரேட்டர் அறை, குப்பை அறை. மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். களைத்தவர்கள் படுப்பதற்கு ஓர் அறை என்று அதில் ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் கேப்டன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

“சார், இந்தக் கட்டடத்துல பம்புக்கு ரூம் இருக்கு. ஜெனரேட்டருக்கு இருக்கு. குப்பைக்கு ஏசி போட்டே ரூம் இருக்கு.”

“குப்பை நாறும்மா.”

“ஏசி இல்லாம நாறும். தூக்கம் இல்லாம இவங்க விழுவாங்க. ரெண்டுக்கும் புகார் வரும் சார்.”

கேப்டன் டேப்லெட்டை வாங்கிப் பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார், அவள் ஓட்டியது போலவே. “எங்க கப்பல்ல எண்ணெய் துடைக்கிறவனுக்கும் ஒரு படுக்கை உண்டு” என்றார். “படுக்கைக்கு நம்பரும் உண்டு. கப்பல் கவுந்தா அந்த நம்பரை வச்சுத்தான் ஆளைத் தேடுவோம்.” பிறகு பொறியாளரின் குரல் வந்தது. “சரி. ஆனா சலுகை கிடையாது. மத்த ரூம் மாதிரி இதுக்கும் சென்சார் போடணும். மூணு மாசத்துக்கு ஒருதடவை எந்த ரூம் எவ்வளவு நேரம் உபயோகத்துல இருக்குன்னு அறிக்கை மேலிடத்துக்குப் போகுது. காலியா கிடக்குதுன்னு வந்தா என்னால நிறுத்த முடியாது. போயிடும்.”

அவள் பட்டியலில் ‘பணியாளர் ஓய்வறை’ என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு ஒவ்வொரு பொருளாக அறைக்குள் வைத்தாள். புகைக்கருவி, மணி, காற்றை வெளியே தள்ளும் விசிறி, விளக்கு, பெஞ்சு, சுவர்க் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் பராமரிப்புத் தேதி போட்டாள். திரையில் வைத்ததெல்லாம் சில நாட்களில் வேலைத்தாளாக மாறி, எலக்ட்ரீஷியனாகவும் தச்சராகவும் ஒன்பதாவது மாடிக்குப் போனது. அறை திறந்தது. பக்கத்து அலுவலகத்தின் வாசனைப் புகார் நின்றது.

நாத்தனாரின் பேச்சு மட்டும் திறக்கவில்லை. வீட்டில் தேவைக்கு ஒரு சொல், அதுவும் கணவர் வழியாக. “அவகிட்ட சொல்லு, மாடித் தொட்டியில தண்ணி வரலை.” அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கணவர் திரும்பி, “தொட்டியில தண்ணி வரலையாம்” என்பார், நடுவில் ஒரு சுவர் இருப்பது மாதிரி.

சென்சாரில் ஒரு சிக்கல் இருந்தது. அசைவு இருந்தால் விளக்கு எரியும், அறையில் ஆள் இருப்பதாகக் கணக்கு. அசைவு நின்றால் விளக்கு அணையும், அறை காலி. அலுவலகங்களுக்கு இது பொருத்தம், அங்கே வேலை செய்யாதவர்கள்கூட நாற்காலியில் ஆடிக்கொண்டாவது இருப்பார்கள். ஒன்பதாவது மாடி அறையில் பெண்கள் வந்து படுத்துக் கண்ணை மூடியதும் திரையில் அது சாம்பல் நிறமாகிவிடும். அவர்கள் எவ்வளவு நன்றாகத் தூங்குகிறார்களோ, அறை அவ்வளவு காலி. அவள் கவலையோடு அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே போய் ‘கொஞ்சம் கையை ஆட்டிக்கிட்டே தூங்குங்க’ என்று சொல்லவா முடியும்? கணக்கைத் தன் கையால் மாற்றவும் அவளால் முடியும், யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்த அன்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அறிக்கை நாள் வந்தது. கேப்டன் கீழே இறங்கி வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உன் ஒன்பதாவது மாடி ரூம் பாதி நேரம் காலின்னு வருதேம்மா.”

“காலி இல்ல சார். தூங்குறாங்க.”

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். மேலிடத்துக்கு எதைக் காட்டுறது?”

அவள் ஒன்பதாவது மாடியைத் திறந்தாள். மத்தியானம். அறை சாம்பல் நிறத்தில் கிடந்தது. சென்சாரைப் பற்றி, அது எதைப் பார்க்கும் எதைப் பார்க்காது என்பதைப் பற்றி, அவள் விளக்க ஆரம்பித்தாள். கேப்டன் பொறுமையாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதில் ‘நியாயம்தான், ஆனால்’ என்பது தெரிந்தது.

அப்போது திரையில் அறை சட்டென்று மஞ்சளாக எரிந்தது. இருவரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு புகார் வந்து விழுந்தது. கதவில் எண் இருப்பதால் இப்போது அந்த அறையிலிருந்தும் புகார் அனுப்பலாம். அனுப்பியவர் இடத்தில் ‘துப்புரவு சூப்பர்வைசர்’ என்றிருந்தது. கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“ரேடியோ புரண்டு படுத்தால் விளக்கு எரிகிறது. ஐந்து பேரும் எழுந்துவிடுகிறோம். பிறகு அணைகிறது. மறுபடி புரளுகிறாள். தினமும் இதே கதை. ஒன்று விளக்கை மாற்றவும், இல்லை ரேடியோவை மாற்றவும். கட்டடத்தையே படம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா?”

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்க முயன்றதில் தோள் குலுங்கியது. “இதைப் பிரிண்ட் எடு” என்றார். “அறிக்கையோட சேர்த்து அனுப்புறேன். காலி ரூம்ல இருந்து புகார் வராது.” எழுந்தவர் வாசலில் நின்றார். “அந்தக் கடைசி வரி யாருக்கு?”

“எனக்கு சார்.”

அவர் போன பிறகு அவள் அந்தப் புகாரை இன்னொருமுறை படித்தாள். ‘அவகிட்ட சொல்லு’ என்று அதில் எங்கும் இல்லை. விளக்குக்குச் சாதாரண சுவிட்ச் வைக்கும்படி எலக்ட்ரீஷியனுக்கு வேலைத்தாள் போட்டாள், ‘அவசரம்’ என்று குறித்தாள். சென்சார் சென்சாராகவே இருக்கட்டும், விளக்கை அது தொடவேண்டாம். பிறகு பதில் கட்டத்தில் எழுதினாள்: ‘விளக்கு நாளை மாற்றப்படும். ரேடியோவுக்கு மாற்று கையிருப்பில் இல்லை.’

அனுப்பினாள். மேலே அறை மறுபடி சாம்பல் நிறமானது. அவள் அதை அப்படியே விட்டுவிட்டு, பதினான்காவது மாடியிலிருந்து வந்திருந்த தண்ணீர்ச் சொட்டுப் புகாரைத் திறந்தாள்.